பட்டு நூல் கட்டிய கேரியர்கள்

கௌசல்யாவின் மனசுக்கு ஒரு விசித்திரமான பழக்கம் இருந்தது. கையைவிட்டுப் போகிற பொருளை அது தனியாகப் போகவிடாது. கூடவே புறப்பட்டுவிடும்.

கல்யாணமாகி பிள்ளையார்பாளையத்துக்கு வந்த புதிதில் ஒருநாள் காலையில், எண்ணெய்க் கவரைக் கத்தரித்துத் தூக்கில் ஊற்றிவிட்டு, காலிக் கவரை வாசல் பக்கம் எறிந்தாள். அடுப்பில் தாளித்துக்கொண்டிருக்கும்போதே மனசு அந்தக் கவரோடு கிளம்பிவிட்டது. காற்று அதைச் சாக்கடைக்கு உருட்டியது. சாக்கடை மஞ்சள் நீர் கால்வாயில் கொண்டுபோய்த் தள்ளியது. கால்வாயிலிருந்து வேகவதி, வேகவதியிலிருந்து பாலாறு. பாலாற்றில் தண்ணீர் இல்லை. கவர் மணலில் படுத்துக்கொண்டு மழைக்குக் காத்திருந்தது. கடுகு கருகிய பிறகுதான் கௌசல்யா அடுப்படிக்குத் திரும்பினாள். கவர் திரும்பவில்லை. மத்தியானம் சற்றுப் படுத்தபோதும் அது அங்கேயே கிடந்தது. மழை பெய்து, வெள்ளம் வந்து, கவர் கடலைப் பார்க்கும்வரை அவளுக்குக் கண் அசரவில்லை.

ஒவ்வொன்றின் பின்னாலும் இப்படிப் போய்க்கொண்டிருந்தால் குடும்பம் நடத்த முடியுமா? அதனால் பின்னால் போகும்படியான பொருளே வீட்டுக்குள் வராமல் பார்த்துக்கொண்டாள். எண்ணெய்க்குத் தூக்கு, பருப்புக்கும் அரிசிக்கும் துணிப்பைகள், பாலுக்குச் செம்பு. காய்கறித் தோலும் வாடிய பூவும் கொல்லையில் இருந்த மண்தொட்டிக்குப் போயின. ஆற்றுக்கு அந்தக் கரையில், திருப்பருத்திக்குன்றத்தில் பிறந்து வளர்ந்த ஜைனப் பெண் அவள். எந்த உயிருக்கும் தன்னால் தொந்தரவு வரக்கூடாது என்பதை யாரும் அவளுக்குத் தனியாகச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ஆனால் அவள் இதையெல்லாம் செய்தது கொள்கைக்காக அல்ல, நிம்மதியாகத் தூங்குவதற்காக. மகள் ஸ்ரேயா பெங்களூரில் வேலைக்குப் போன பிறகு, "அம்மா, நீ பண்றதுக்கு ஒரு பேரு இருக்குது, ஜீரோ வேஸ்ட்" என்று போனில் சொன்னபோது அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது.

கணவர் அஜிதநாதன் பாத்திரங்களை வாடகைக்கு விடும் கடை வைத்திருந்தார். தெருவில் எல்லோருக்கும் அவர் நயினார். பெரிய அண்டா, தேக்சா, சாம்பார் வாளி, ஜல்லிக்கரண்டி என்று ஒரு கல்யாணத்துக்கு வேண்டியதெல்லாம் வீட்டை ஒட்டிய குடோனில் அடுக்கியிருக்கும். அதிகம் பேசாதவர். பேசினால் பெரும்பாலும் "அது ஒத்து வராது" என்றுதான் ஆரம்பிப்பார்.

முந்தின வருஷம் அத்தி வரதரைப் பார்க்க வந்த கூட்டத்தில் ஊர் பிதுங்கி வழிந்தது. அந்தச் சத்தம் காதிலிருந்து முழுசாகப் போவதற்குள் ஊரடங்கு வந்துவிட்டது. தெருக்கள் வெறிச்சோடின. நூல் வரத்து நின்றதால் தறிகளும் ஒவ்வொன்றாக நின்றன. பாவு போட்டு, ஊடை ஓடாமல் நிற்கிற தறியைப்போல ஊர் அசையாமல் கிடந்தது. பகலிலேயே குயில் கூவியது. ஏகாம்பரநாதர் கோபுரத்துப் புறாக்கள் பயமில்லாமல் நடுத்தெருவில் இறங்கி நடந்தன. கௌசல்யா வாசலில் நின்று பார்த்தால், தான் எழுந்துவிட்டோமா இன்னும் தூக்கத்தில்தான் இருக்கிறோமா என்றே சந்தேகமாக இருக்கும்.

அப்படி ஒரு காலையில் தூக்கை எடுத்துக்கொண்டு தேவேந்திரன் மளிகைக் கடைக்குப் போனாள். கடைக்கு முன்னால் கயிறு கட்டியிருந்தது.

"யக்கா, அந்தத் தூக்க அங்கயே வெச்சுடு. உள்ள எடுத்துக்கினு வராத" என்றான் தேவேந்திரன்.

"வெந்நீர்ல கழுவித்தாம்பா எடுத்தாந்துக்கிறேன்."

"நீ கழுவுவக்கா. ஊரு கழுவுமா? உன்னுத தொட்டா எல்லாருதையும் தொடணும். வூட்டுல கைக்கொழந்த இருக்குது. பாக்கெட்டுன்னா வாங்கிக்கோ."

அவன் சொன்னதில் தப்பில்லை. பிளாஸ்டிக் தடை வந்த வருஷம் "பாத்திரம் எடுத்துக்கினு வாங்க" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னவனும் இதே தேவேந்திரன்தான். கௌசல்யா பாக்கெட் எண்ணெயை வாங்கிக்கொண்டு வந்தாள். மாட்டுக்காரர் இந்தப் பக்கம் வருவது நின்றுபோனதால் பாலும் பாக்கெட்டானது. கவர்களைக் கழுவிக் கொல்லைக் கொடியில் காயப்போட்டாள். காற்றடித்தால் அவை சின்னச் சின்ன வெள்ளைக் கொடிகளாகப் படபடத்தன. பஸ் ஓடவில்லை, ரயில் ஓடவில்லை, மனிதர்கள் யாரும் எங்கேயும் போகவில்லை; கவர்கள் மட்டும் பயணத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்தன. அவள் அவற்றை மடித்து ஒரு டிரங்குப் பெட்டியில் போட்டு மூடினாள். எங்கேயும் போக வேண்டாம், இங்கேயே இருங்கள் என்று.

"இப்பப் போய் பிளாஸ்டிக்க பாக்காதமா, உசிரு முக்கியம்" என்றாள் ஸ்ரேயா போனில்.

"உசிருதாண்டி முக்கியம்" என்றாள் கௌசல்யா. இரண்டு பேரும் ஒரே விஷயத்தைத்தான் சொல்கிறோமா என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஆடி பிறப்பதற்குச் சற்று முன்னால் ஒரு காலை, மண்தொட்டியைக் கிளறப் போனாள். தொட்டியின் வாசனையே அவளுக்குச் சேதி சொல்லும். புளித்த வாடை அடித்தால் காய்ந்த சருகு போட வேண்டும். காட்டு மண் வாசனை வந்தால் எல்லாம் சரி. அன்று எந்த வாசனையும் வரவில்லை. குனிந்து முகத்தை அருகே கொண்டுபோனாள். ஒன்றுமில்லை. கறிவேப்பிலை இணுக்கு ஒன்றைக் கிள்ளிக் கசக்கினாள். உள்ளே போய்க் கற்பூர டப்பாவைத் திறந்தாள். உலகம் சுவரில் மாட்டிய படமாகிவிட்டிருந்தது; பார்க்கலாம், உள்ளே போக முடியாது. சாயங்காலம் காய்ச்சல் வந்தது.

பரிசோதனையில் கணவன் மனைவி இருவருக்கும் தொற்று இருப்பதாக வந்தது. அஜிதநாதனுக்கு வெறும் தொண்டைக் கரகரப்போடு நின்றது. வீட்டிலேயே இருக்கலாம் என்றார்கள். நகராட்சி ஆட்கள் வந்து வாசலுக்குக் குறுக்கே தகரம் அடித்தார்கள். கீழே மட்டும் ஒரு வாளி நுழையும் இடைவெளி. ஒரு கட்டு மஞ்சள் பைகளைக் கொடுத்து, வீட்டிலிருந்து வெளியே போகிற எதுவானாலும் இந்தப் பையில்தான் போக வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். வருஷக்கணக்காகக் குப்பையே வெளியே வைக்காத வீட்டின் வாசலில் தினமும் ஒரு மஞ்சள் பை உட்கார்ந்தது.

சாப்பாடு கோகுல் அனுப்பினான். கோகுல் அஜிதநாதனின் அக்கா மகன், கல்யாண சமையல் கான்ட்ராக்ட் எடுப்பவன். கல்யாணங்கள் நின்றுபோனதால், மூடிக் கிடந்த மண்டபம் ஒன்றின் சமையல்கட்டில் நண்பர்களோடு சேர்ந்து தகரம் அடித்த வீடுகளுக்குச் சமைத்துக்கொண்டிருந்தான். நல்ல சாப்பாடு. சாதம் ஒரு வெள்ளை டப்பாவில், கூட்டு ஒரு குட்டி டப்பாவில், சாம்பாரும் ரசமும் ரப்பர் பேண்டு போட்ட கவர்களில். ஒருவேளைச் சாப்பாடு முடிந்தால் தரையில் ஒரு சின்ன ஊரே மிஞ்சியிருக்கும்.

காய்ச்சல் ஏறிய ஒரு மத்தியானம் கௌசல்யா கண்ணை மூடிக்கொண்டு மஞ்சள் பையின் பின்னால் போகப் பார்த்தாள். தகரம் வழிவிட்டது. வேகவதி நிறையத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. தண்ணீர் முழுக்க வெள்ளை டப்பாக்கள், தெப்பத் திருவிழாவைப்போல. ஒவ்வொரு டப்பாவிலும் ஒரு அகல் எரிந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. கரையில் முழங்கால் தண்ணீரில் ஒரு பெண் நின்று, வருகிற டப்பாக்களை ஒவ்வொன்றாக வெறும் கையால் எடுத்துக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் எடுக்க எடுக்க வந்துகொண்டே இருந்தன. அவள் முகத்தைப் பார்க்கலாம் என்று கௌசல்யா எட்டி எட்டிப் பார்த்தாள். அந்தப் பெண் திரும்பவே இல்லை.

மறுநாள் காலையில் தெருவில் விசில் சத்தம் கேட்டது. தகரத்துக்கு வெளியே வண்டி வந்து நின்றது.

"பைய வெச்சிட்டு உள்ள போயிடுங்க. நான் எடுத்துக்கறேன்" என்றது ஒரு பெண் குரல்.

கௌசல்யா உள்ளே போகவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு எட்ட நின்றாள். "உன் பேரு என்னாம்மா?"

வெளியே பையை இழுத்த சத்தம் பாதியில் நின்றது. பேர் கேட்பார்கள் என்று அந்தப் பெண் எதிர்பார்த்திருக்கமாட்டாள்.

"வடிவு."

"இந்தத் தெருவுக்குப் புதுசா?"

"புதுசா! எம் பொண்ணு திரிஷாவ இஸ்கூல்ல சேத்ததுலேர்ந்து வந்துக்கினு இருக்கறேன், இப்ப அவ கல்யாண வயசுல நிக்கறா. உங்க வூடுதாங்க்கா எனக்குப் புதுசு. குப்ப போட்டாத்தான எனக்கு வூடு அடையாளம்? இங்க ஆளே இல்லன்னு நெனச்சுக்கினு இருந்தேன்."

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆனால் வண்டி போன பிறகும் கௌசல்யா சுவரோரமே உட்கார்ந்திருந்தாள். இத்தனை வருஷம் அவள் மனசு போய்வந்த வழிகளையெல்லாம் நினைத்துப் பார்த்தாள். சாக்கடை, கால்வாய், ஆறு, கடல். நேற்றைய கனவுக்கு முன்னால் அந்த வழிகளில் ஒன்றில்கூட ஒரு ஆள் நின்றதில்லை.

அதற்குப் பிறகு தினமும் விசில் சத்தத்துக்காகக் காத்திருந்தாள். தகரத்துக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி. வடிவு கொஞ்சம் கொஞ்சமாகப் பேசினாள். சொந்த ஊர் கூரம். வீட்டுக்காரர் சத்யராஜ் கொத்து வேலைக்குப் போகிறவர். வேலை இல்லாமல் வீட்டில் இருக்கிறார். எல்லோரும் ஒதுங்கிப் போகிற மஞ்சள் பைகளை அவள்தான் எடுக்கிறாள்.

"பயமா இல்லியா வடிவு?"

"பயந்தான். மாத்தர அட்டை, மாஸ்க்கு அதெல்லாம்கூடப் பரவால்லக்கா. இந்தச் சாப்பாட்டு டப்பாதான் ரோதன. மிச்சம் மீதி ரசம், கொழம்பு எல்லாம் சேந்து பைக்குக் கீழ ஒழுவும். வண்டில, கைல, கால்ல எல்லாம் ஒழுவும். கையொற போட்டாலும் உள்ள எறங்கிடுது. வூட்டுக்குப் போனா வாசல்லயே தண்ணி ஊத்திக்கினுதான் உள்ள போறது. திரிஷாவ கிட்ட சேக்கறதே இல்ல."

அன்று சாப்பிட்டு முடித்ததும் கௌசல்யா டப்பாக்களைக் கழுவ உட்கார்ந்தாள். காய்ச்சல் இன்னும் விட்டிருக்கவில்லை. அஜிதநாதன் வந்து பார்த்துவிட்டு, "குப்பைக்குப் போறத எதுக்கு கழுவற?" என்றார்.

"வடிவு கைக்குப் போவுதுங்க."

அவர் வேட்டியை மடித்துக் கட்டினார். அவளை எழுப்பிக் கட்டிலில் படுக்கச் சொல்லிவிட்டு மீதியை அவரே கழுவினார்.

காய்ச்சல் இறங்கியது. தகரத்தைப் பிரித்தார்கள். பார்க்கும்போது தெருவே ஒரு சுற்று பெரிதானது போலிருந்தது. ஆனால் மற்ற வீடுகளில் தகரங்கள் அதிகமாகிக்கொண்டுதான் இருந்தன. கோகுலின் டப்பாக்களும்.

ஏதோ தேடுவதற்காகக் குடோனுக்குள் போனாள் கௌசல்யா. மாதக்கணக்காகப் பூட்டிக் கிடந்த இடம். ஓட்டு இடுக்கு வழியாக வெயில் குச்சி குச்சியாக இறங்கியது. கவிழ்த்துவைத்த அண்டாக்கள் யானைக் கூட்டம் படுத்துத் தூங்குவது போல வரிசையாக இருந்தன. மூலையில், தூசி மூடி, மூன்றடுக்கு கேரியர்கள் கூரையைத் தொடும் அளவுக்கு இருந்தன. ஒரு காலத்தில் எடுப்புச் சாப்பாடு மெஸ் ஒன்றுக்காக அவள் மாமனார் வாங்கிக் கொடுத்தவை. மெஸ்ஸை மூடியதும் அப்படியே திரும்பி வந்து, விற்கவும் மனசில்லாமல், வைத்துக்கொள்ளவும் இடமில்லாமல் இங்கே ஏறி உட்கார்ந்தவை. அவள் ஒன்றை எடுத்து முந்தானையால் துடைத்தாள். வெயில் அதில் பட்டு, அவள் கையெல்லாம் வெளிச்சமானது.

அஜிதநாதனிடம் சொன்னாள்.

"அது ஒத்து வராது" என்றார். "நோய் இருக்கற வூட்டுக்குப் போன பாத்திரம்னு தெரிஞ்சா, நாளைக்கு எவன் கல்யாணத்துக்கு எடுப்பான்? எங்கப்பா பேரு போட்ட பாத்திரம்."

"ஒரு வூட்டு கேரியர் இன்னொரு வூட்டுக்குப் போவாதுங்க. வூட்டுக்கு ரெண்டு. ஒண்ணு அங்க இருக்கும், ஒண்ணு இங்க கொதிக்கும். நம்ம அண்டா சும்மாதான தூங்குது?"

அவர் எழுந்து போய்விட்டார். ஆனால் மறுநாள் காய்ச்சல் பார்க்கத் தெருவுக்கு வந்த நர்ஸ் ஏஞ்சலிடம் அவரே போய்க் கேட்டார். ஏஞ்சல் களைத்துப்போயிருந்தாள். "மொதல்ல சோப்புத் தண்ணி, அப்புறம் நல்லா கொதிக்கற தண்ணி. எடுக்கறவங்க கையொறயும் மாஸ்க்கும் போட்டுக்கணும். அவ்ளோதான் சார். எரியற அடுப்புல எந்தக் கிருமி உக்காந்துக்கினு இருக்கும்?" என்றாள். கோகுலுக்குத்தான் தயக்கம். "டப்பான்னா குடுத்தமா வந்தமான்னு இருக்குது அத்த. இது ரெட்ட வேல" என்றான். கடைசியில், முதலில் இந்தத் தெருவுக்கும் பக்கத்துத் தெருவுக்கும் மட்டும் என்று ஒப்புக்கொண்டான்.

எந்தக் கேரியர் எந்த வீட்டுக்கு என்று தெரிய வேண்டுமே? தறி வீடுகளில் முடிச்சுப்போட்டு எறிகிற பட்டு நூல் துணுக்குகளைக் கேட்டு வாங்கினாள் கௌசல்யா. ஒரு வீட்டுக்கு அரக்கு, ஒரு வீட்டுக்கு மயில் கழுத்து, ஒரு வீட்டுக்கு மாம்பழ மஞ்சள். கைப்பிடியில் சுற்றிக் கட்டினாள். கொதிநீருக்குப் போகுமுன் நூலை அவிழ்த்து எரித்துவிட்டு, வைத்த வரிசை மாறாமல் வெளியே எடுத்து அதே நிறத்தில் புது நூல் கட்டுவாள். கொல்லையில் கல் கூட்டி, பெரிய அண்டாவை ஏற்றினார்கள். காலையில் சோப்புத் தண்ணீரில் ஊறிய கேரியர்கள் வெந்நீரில் இறங்கும். ஆவி எழுந்து முருங்கை மரத்தைச் சுற்றிக்கொள்ளும். அந்த ஆவிக்குள் நின்றுகொண்டிருந்த ஒரு காலையில் அவளுக்கு லேசாக ஏதோ மூக்கில் பட்டது. விறகுப் புகை. கௌசல்யா அசையாமல் நின்றாள். அசைந்தால் அது போய்விடுமோ என்று பயமாக இருந்தது. புகை கண்ணில் ஏறி நீர் வழிந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

"இந்த ரெண்டு தெருவுல பை காத்தாட்டம் இருக்குதுக்கா" என்றாள் வடிவு. மஞ்சள் பையை ஒரு விரலில் மாட்டித் தூக்கிக் காட்டினாள்.

மயில் கழுத்து நிற நூல், தெருக் கோடியில் இருந்த துரைக்கண்ணுவுடையது. வயதான நெசவாளர். அவரும் மனைவி மனோன்மணியும் மட்டும் இருந்தார்கள். முதல் நாள் அவர் வீட்டிலிருந்து திரும்பிய கேரியரைத் திறந்தால், கழுவித் துடைத்த மேலடுக்கில் ஒரு கைப்பிடி முருங்கைக்கீரை இருந்தது. கோகுல் பதறிப்போய் போன் போட்டான்.

"பெரியப்பா, கேரியர்ல ஒண்ணும் வெக்கக்கூடாது. தொத்து இருக்குது இல்ல?"

"வெறும் பாத்திரத்த எப்பிடிப்பா திருப்பிக் குடுக்கறது?" என்றார் துரைக்கண்ணு, நிஜமாகவே புரியாமல்.

அவர் கேட்கவில்லை. மறுநாள் நாலு நந்தியாவட்டை. அதற்கு மறுநாள் ஒரு கொத்து வேப்பிலை. கோகுல் தலையில் அடித்துக்கொண்டான். கௌசல்யா உறை போட்ட கையால் அவற்றை எடுத்து மண்தொட்டியில் போடுவாள். இன்றைக்கு என்ன வரும் என்று காலையிலிருந்தே அவள் மனசு அந்தத் தெருக்கோடியில் போய் நின்றுகொண்டிருக்கும்.

ஒருநாள் கேரியரில் ஒன்றுமில்லை. மூச்சுத் திணறல் வந்து, விடியற்காலையில் வாசல் தகரத்தைப் பிரித்து துரைக்கண்ணுவை ஆம்புலன்சில் ஏற்றிப் போயிருந்தார்கள். அவர் திரும்பி வரவில்லை. தெருவுக்கு உடலும் வரவில்லை. செய்தி மட்டும் வந்தது.

அன்று தெரு முழுக்க ஒரே பேச்சு. நயினார் வீட்டுக் கேரியரில்தான் வந்தது என்று யாரோ வாட்ஸப்பில் பேசி அனுப்பினார்கள். நோய் வந்த பிறகுதானே அந்த வீட்டுக்குக் கேரியரே போனது என்று யாரும் யோசிக்கவில்லை. சாப்பாடு வைத்த கேரியர்கள் வாசல்களில் தொடப்படாமல் ஆறிப்போயின. மயில் கழுத்து நூல் கட்டிய கேரியர் துரைக்கண்ணு வீட்டு வாசற்படியில் வெயிலில் தனியாக நின்றது. அந்தப் படியை ஒட்டி நடப்பதற்கே ஆட்கள் பயந்தார்கள்.

"போதும் அத்த" என்றான் கோகுல். "நல்லதுக்குத்தான் பண்ணோம். ஆனா நாளையிலேர்ந்து டப்பாதான்."

கௌசல்யா தலையாட்டினாள். மண்தொட்டிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். வேப்பிலை இன்னும் மக்காமல் மேலாகவே கிடந்தது. செத்துப்போன மனிதர் அனுப்பியது. தன்னால்தானோ? இல்லை என்று புத்திக்குத் தெரிந்தது. புத்தி சொல்வது மட்டும் போதவில்லை.

வாசலில் சைக்கிள் ஸ்டாண்டு எடுக்கிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தாள். அஜிதநாதன் முகக்கவசமும் கையுறையும் போட்டுக்கொண்டு, நடுத்தெருவில் எல்லோரும் பார்க்க, தெருக்கோடிக்குப் போய்க்கொண்டிருந்தார். படியிலிருந்த கேரியரை எடுத்து ஹேண்டில்பாரில் மாட்டினார். அவசரப்படாமல் திரும்பி வந்தார். நேராகக் கொல்லைக்குப் போய், சோப்புத் தண்ணீரில் அதை முக்கி, தேங்காய் நாரால் தேய்த்தார். அடுப்பைப் பற்றவைத்தார். அவ்வளவு பெரிய அண்டாவில் அன்றைக்கு அந்த ஒரு கேரியர் மட்டும் கொதித்தது.

"நீங்க எதுக்குங்க போனீங்க?" என்றாள் கௌசல்யா.

"அந்தம்மா உள்ள தனியா இருக்குது. மத்தியானம் சாப்புடணும் இல்ல?" என்றார். சற்றுப் பொறுத்து, தண்ணீரைப் பார்த்துக்கொண்டே, "பாத்திரம் என்னா பண்ணுச்சு?" என்றார்.

புது நூலை அவரே கட்டினார். சாப்பாட்டை நிரப்பிக்கொண்டு அவரே போனார். மனோன்மணி கதவை ஒரு சாண் திறந்தாள். அழுது அழுது அவள் முகம் வீங்கியிருந்தது.

"அவரு தொட்ட கேரியரா?"

"அதேதாம்மா. நான்தான் கழுவுனேன்."

அவள் குனிந்து அதை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே போனாள். மறுநாள் கேரியர் திரும்பியபோது மேலடுக்கில் ஒரு கைப்பிடி முருங்கைக்கீரை இருந்தது. அந்தமுறை கோகுல் போன் போடவில்லை.

தெரு உடனே மாறிவிடவில்லை. ஏஞ்சல் வீடு வீடாக நின்று எடுத்துச் சொன்னாள். சில வீடுகள் மறுபடி கேரியருக்கு வந்தன. சில வீடுகள் கடைசிவரை டப்பாதான் கேட்டன. கோகுல் இரண்டையும் அனுப்பினான். கௌசல்யா யாரையும் வற்புறுத்தவில்லை. பயத்தோடு சாப்பிடுவதற்கு டப்பாவில் சாப்பிடலாம் என்று அவளே சொன்னாள். ஐப்பசி மழைக்குள் தகரங்கள் அநேகமாகக் கழன்றுவிட்டன. கேரியர்கள் குடோனுக்குத் திரும்பின. அடுத்த கோடையில் இரண்டாம் அலை வந்தபோது அவை மறுபடி இறங்கியதும், அப்போது கோகுல் கேட்காமலேயே பட்டு நூல் வாங்கிவந்து நின்றதும் வேறு கதை. அதற்கு முன்னால், நடுவில் கிடைத்த அந்தத் தை மாதத்தில், வடிவு ஒருநாள் விசில் ஊதாமல், வண்டி இல்லாமல், நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்தாள்.

"திரிஷாவுக்குக் கல்யாணம்க்கா. கூரத்துல வூட்டு வாசல்லயே பந்தல். பாத்திரம் வேணும். தட்டு, டம்ளர் எல்லாம் எவர்சில்வர்லயே குடு."

"இப்பல்லாம் பேப்பர் பிளேட்டுதான் கேக்கறாங்க" என்றார் அஜிதநாதன்.

"வேணாம் நயினாரே. அத வாரிப் போடறது யாரு, நான்தான? எம் பொண்ணு கல்யாணத்துலயாவது நான் குப்ப வாராம இருக்கணும்."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். கௌசல்யாவும் சிரித்தாள். அஜிதநாதன் திரும்பிக்கொண்டு, குடோனிலேயே நல்லதாகப் பார்த்து அண்டாக்களை வெளியே உருட்டினார்.

கல்யாணத்தன்று பாத்திர வண்டியிலேயே கௌசல்யாவும் அவரும் கூரத்துக்குப் போனார்கள். அறுப்பு முடிந்த வயல்கள். வைக்கோல் வாசனை. பந்தலில் வாழைக்குலை தொங்கியது. சத்யராஜ் வேட்டி மடிப்புக் கலையாமல் ஓடி ஓடி எல்லோரையும் வரவேற்றார். திரிஷா மாம்பழ மஞ்சள் பட்டில் தலை குனியாமல் நேராக உட்கார்ந்திருந்தாள். பந்தி இருட்டிய பிறகுதான் என்று பேசிக்கொண்டார்கள். வானம் மெல்லப் பழுத்துக்கொண்டிருந்தது. கௌசல்யா அண்ணாந்து பார்த்தாள். பொழுது சாய்ந்தால் சாப்பிடாதது ஜைனர்களான அவர்கள் வீட்டு வழக்கம், சாப்பிடாமலே வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டாள்.

அதற்குள் வடிவு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். கையில் இரண்டு வாழை இலை.

"ஏய், மொதல்ல இங்க எல போடுங்க. இவங்க வெளக்கு வெச்சா சாப்புட மாட்டாங்க" என்று சமையல்காரர்களைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"உனக்கு யாரு சொன்னது?" என்றாள் கௌசல்யா.

"தகரத்துக்கு அந்தாண்ட நின்னுக்கினு எவ்ளோ நாளு பேசனோம்? சாயங்காலம் இந்தத் தெருப் பக்கம் வந்தா உங்க அடுப்பு அணைஞ்சு கெடக்கறது எனக்குத் தெரியாதா? தெருவுலயும் கேட்டுக்கினேன். வெங்காயம் போடாத சாம்பார் தனியா வெக்கச் சொல்லிக்கிறேன், பயப்படாம சாப்புடு."

பந்தலுக்கு வெளியே, வயலைப் பார்த்தாற்போல் பாய் விரித்தார்கள். அஜிதநாதன் முதலில் போய் உட்கார்ந்தார். இலையில் தண்ணீர் தெளித்துத் துடைத்தார். கௌசல்யா பக்கத்தில் உட்கார்ந்தாள். வடிவு பட்டுப்புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, கல்யாண வேலையையெல்லாம் விட்டுவிட்டுத் தானே வாளியை எடுத்துவந்தாள். சாதத்திலிருந்து ஆவி எழுந்தது. ஏரிக்கரைப் பனைமரங்களுக்குப் பின்னால் சூரியன் சிவப்பாக, நகராமல் நின்றது. நாதஸ்வரக்காரர் எங்கோ சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார். கொக்குகள் திரும்பிக்கொண்டிருந்தன. கௌசல்யா வேகவேகமாகப் பிசைந்தாள்.

வடிவு நிமிர்ந்து ஒருமுறை மேற்கே பார்த்தாள். அப்புறம் குனிந்து இன்னொரு கரண்டி சாம்பார் ஊற்றினாள்.

"மெதுவா சாப்புடுக்கா" என்றாள். "இன்னும் பொழுது இருக்குது."